ஒரே கம்ப்யூட்டரில் பழைய பைத்தானும் புதிய பைத்தானும்!

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. இறுதியாண்டு படிக்கும் மகளுக்காக, ஏலச்சீட்டு எடுத்து அந்த வாரம்தான் புது லேப்டாப் வாங்கியிருந்தார். குரலில் கோபம் தெரிந்தது.

"ஏம்ப்பா, பழைய கம்ப்யூட்டர்ல ஓடுன ப்ரோகிராம் இந்தப் புதுசுல ஓட மாட்டேங்குதாம். திங்கட்கிழமை காலேஜ்ல காட்டணுமாம், புள்ள அழுவுது. கடைக்காரன் ஏதோ சொத்தை மெஷினைத் தலையில கட்டிட்டான். நாளைக்குக் காலையில போய்த் திருப்பிக் கொடுத்துடவா?"

"அவசரப்படாதீங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டுத் தங்கையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். தக்காளிச் செடியின் இலையைப் படம் எடுத்துக் கொடுத்தால், அதற்கு என்ன நோய் என்று சொல்லும் ப்ரோகிராம் அது. சீனியர் மாணவர்கள் 2019ஆம் ஆண்டு பைத்தான் மொழியில் எழுதி வைத்ததை வாங்கி, இவள் மேலும் வளர்த்திருந்தாள். புது லேப்டாப்பில் டவுன்லோடு செய்த பைத்தான் பதிப்பு 3.12. ப்ரோகிராமுக்கு வேண்டிய டென்சார்ஃப்ளோ என்ற தொகுப்போ 1.15ஆம் பதிப்பு. அது பைத்தான் 3.7 வரைதான் வேலை செய்யும். "அப்படி ஒரு பதிப்பே கிடைக்கவில்லை" என்ற சிவப்பு எழுத்துதான் அவளை அழ வைத்திருந்தது.

லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் மீதும் தவறு இல்லை. அந்த மெஷினுக்குத் தேவைப்பட்டது இன்னொரு பைத்தான்; அதுவும் புதியதைத் தொந்தரவு செய்யாமல் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பழைய பைத்தான். கம்ப்யூட்டர் வாங்கி ப்ரோகிராமிங் கற்கத் தொடங்கும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் ஒருநாள் வந்தே தீரும். எனவே அதை எப்படிச் சமாளிப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பதிப்பு எண்ணைப் படிப்பது எப்படி?

பைத்தான் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம். 1991ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிட்டார். பைத்தான் 2 வெளிவந்தது 2000ஆம் ஆண்டு. பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். இரண்டும் பல ஆண்டுகள் கூடவே ஓடின. 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு பைத்தான் 2க்கான ஆதரவு முடிவுக்கு வந்தது.

இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தில், ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. 3.12.4 என்று இருந்தால் முதல் எண் தலைமுறை. நடு எண் அந்த ஆண்டின் பதிப்பு. கடைசி எண் பிழைதிருத்தம். கடைசி எண் மாறினால் பொதுவாகக் கவலை இல்லை. நடு எண் மாறினால் கவனம் தேவை.

இங்கே புதியவர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 3.9, 3.12 இரண்டில் எது புதியது? கணக்குப் பாடத்தில் 3.9தான் பெரியது. ஆனால் இவை தசம எண்கள் அல்ல. ஒன்பதாவது பதிப்பு, பன்னிரண்டாவது பதிப்பு என்றுதான் படிக்க வேண்டும். எனவே 3.12தான் புதியது.

பதிப்பு மாறினால் ப்ரோகிராம் ஏன் நிற்க வேண்டும்? 7ஐ 2ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பைத்தான் 2 சொல்லும் விடை 3. பைத்தான் 3 சொல்லும் விடை 3.5. பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் மாறிவிடும்! இது ஒரு வகை. இன்னொரு வகை, இருந்த பொருளையே எடுத்துவிடுவது. பைத்தானோடு பல காலமாக வந்துகொண்டிருந்த டிஸ்ட்யுட்டில்ஸ் என்ற பகுதி 2023இல் வெளிவந்த 3.12இல் நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த பழைய தொகுப்புகள் நின்றுபோயின. மூன்றாவது வகை, தொகுப்பைச் செய்தவர்கள் பழைய வெளியீடுகளைப் புதிய பைத்தானுக்கு ஏற்ப மாற்றித் தராதது. என் தங்கைக்கு நடந்தது இதுதான்.

தெருவில் இரண்டு குமார்

"அப்படியானால் பழைய பைத்தானையும் இன்ஸ்டால் செய்துவிட்டால் முடிந்ததே!" என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம். ஆனால் அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஒரு தெருவில் குமார் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கடிதத்தில் "குமார்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. தபால்காரர் என்ன செய்வார்? தெருமுனையிலிருந்து வரும்போது முதலில் எந்தக் குமார் வீடு வருகிறதோ, அங்கே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். விண்டோஸும் அப்படித்தான். நீங்கள் பைத்தான் என்று டைப் செய்து என்டர் தட்டியதும், பாத் என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வரும். முதலில் அகப்படும் பைத்தானை ஓட்டிவிடும். அடுத்து இன்னொன்று இருப்பதை அது எட்டிக்கூடப் பார்க்காது.

உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை குமார் என்று இப்போதே பார்த்துவிடலாம். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'வேர் பைத்தான்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். எங்கே என்று கேட்கும் அந்த ஆங்கில 'வேர்'தான். பட்டியலில் முதலில் வருவதுதான் ஓடும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை எல்லாம், போனில் தங்கைக்குச் சொன்னதுபோல, ஒலியிலேயே தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யுங்கள். இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு இடைவெளி விடுங்கள். இரட்டைக் கோடு என்று வந்தால் மைனஸ் கீயை இரண்டு முறை தட்டி, அடுத்த சொல்லை ஒட்டி எழுதுங்கள்.

பைத்தானே இன்ஸ்டால் செய்யாத புது விண்டோஸ் கம்ப்யூட்டரில்கூட ஒரு முகவரி தெரியலாம். பயப்பட வேண்டாம். 2019 முதல் விண்டோஸ் 10இல் பைத்தான் என்ற பெயரில் ஒரு வழிகாட்டிப் பலகையை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. டைப் செய்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். விண்டோஸ் 11இலும் இப்படியே. அது பைத்தான் அல்ல. பைத்தான் கிடைக்கும் கடைக்கு வழி, அவ்வளவுதான்.

நான் பட்ட அனுபவம்

"குழப்பமே வேண்டாம், பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வோம்" என்று நினைப்பவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன்.

இன்ஜினியரிங் படிக்கும்போது என் லேப்டாப்பில் உபுண்டு 16.04 வைத்திருந்தேன். அதில் வந்தது பைத்தான் 3.5. வாக்கியத்துக்கு நடுவே மாறிகளை எளிதாகப் பொருத்தும் ஒரு புதிய வசதி 3.6இல்தான் வந்தது. எனக்கு அது வேண்டும். இரண்டு பைத்தான் எதற்கு என்று 3.5ஐ நீக்கக் கட்டளை கொடுத்தேன். திரையில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. இவையெல்லாம் நீக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. படிக்காமலே 'ஒய்' தட்டி என்டர் அடித்தேன்.

அந்தப் பட்டியலில் உபுண்டுவின் டெஸ்க்டாப்பும் இருந்தது! அதன் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. ரீஸ்டார்ட் செய்தால் ஐகான் இல்லை, மெனு இல்லை. கறுப்புத் திரையில் லாகின் என்ற எழுத்து மட்டும். மறுநாள் காலை லேப் ரெக்கார்டு சமர்ப்பிக்க வேண்டும். நண்பனின் கம்ப்யூட்டரில் விடிய விடிய மீண்டும் டைப் செய்தேன். உபுண்டு என்னை எச்சரிக்காமல் இல்லை, நான்தான் படிக்கவில்லை.

அன்று கற்றுக்கொண்ட பாடம் இது: ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு வந்த பைத்தான் உங்களுடையது அல்ல, அது சிஸ்டத்தின் சொந்தச் சாமான். அதை நீக்கவும் கூடாது, அதில் கை வைக்கவும் கூடாது. 2023இல் வந்த டெபியன் 12இலும் உபுண்டு 23.04இலும் தொடங்கி, சிஸ்டத்தின் பைத்தானுக்குள் நேரடியாகத் தொகுப்புகளை இன்ஸ்டால் செய்யப் போனால் அதுவே மறுத்துவிடுகிறது. என்னைப்போல் நிறையப் பேர் அடிபட்டிருக்கிறார்கள் போலும்!

பேக்கேஜ் மேனேஜர் என்னும் வீட்டுக்காரர்

சரி, வழி என்ன? பேக்கேஜ் மேனேஜர். ஒரு மென்பொருளை எங்கிருந்து எடுக்க வேண்டும், அதற்குத் துணையாக வேறு என்னென்ன வேண்டும், எந்தப் பதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு இன்ஸ்டால் செய்து தரும் ப்ரோகிராம் இது. நீக்கச் சொன்னால் நீக்கவும் செய்யும். விண்டோஸ் 11இல் விங்கெட், மேக் கம்ப்யூட்டருக்கு ஹோம்ப்ரூ, உபுண்டுவில் ஆப்ட் என்று ஒவ்வொன்றிலும் ஒன்று உண்டு.

நமக்கு வேண்டியது கோண்டா. 2012இல் வந்த இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரேமாதிரி வேலை செய்யும். ஒரு பெரிய வீட்டைப் பல அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விடும் வீட்டுக்காரரைப் போன்றது கோண்டா. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு தனி அறை. ஒரு அறையில் பைத்தான் 3.7, அடுத்த அறையில் 3.12. ஒரு அறையின் தொகுப்புகளை அடுத்த அறை எடுக்காது. நீங்கள் எந்த அறைக்குள் நுழைகிறீர்களோ, அந்த அறையின் முகவரியைப் பாத் பட்டியலின் தலைப்பில் வைத்துவிடும். தபால்காரர் இனித் தவறான குமாரிடம் போக மாட்டார்.

கோண்டா பல வடிவங்களில் கிடைக்கிறது. அனகோண்டா பெரியது, நூற்றுக்கணக்கான தொகுப்புகளோடு வருவதால் வட்டில் நிறைய இடம் பிடிக்கும். மினிகோண்டா சிறியது. இவற்றின் தொகுப்புக் கிடங்கைப் பயன்படுத்த, 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மினிஃபோர்ஜ் என்ற வடிவம், ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் கோண்டாஃபோர்ஜ் கிடங்கிலிருந்து எடுப்பதால் அந்தக் கட்டணப் பேச்சே இல்லை. வீட்டு உபயோகத்துக்கு மினிஃபோர்ஜ் போதும்.

செய்முறை

1. மினிஃபோர்ஜின் விண்டோஸ் பதிப்பை டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். 'ஜஸ்ட் மீ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாத் பட்டியலில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்யாதீர்கள். உங்கள் விண்டோஸ் யூசர் பெயரில் இடைவெளி இருந்தால், சி டிரைவில் இடைவெளி இல்லாத பெயரில் ஒரு ஃபோல்டரைக் கொடுத்து அங்கே இன்ஸ்டால் செய்யுங்கள். இல்லாவிட்டால் பின்னால் தொல்லை வரலாம்.

2. ஸ்டார்ட் மெனுவில் 'மினிஃபோர்ஜ் பிராம்ப்ட்' என்று புதிதாக ஒன்று இருக்கும். அதைத் திறங்கள். கறுப்புத் திரையில் வரியின் தொடக்கத்தில் 'பேஸ்' என்று அடைப்புக்குறிக்குள் தெரியும். இது வீட்டின் கூடம். இங்கே எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

3. ஒரு அறை கட்டுவோம். அறைக்கு இலை என்று பெயர் வைப்போம். 'கோண்டா கிரியேட் --நேம் இலை பைத்தான்=3.7' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். சமச்சின்னத்துக்கு இருபுறமும் இடைவெளி வேண்டாம். பட்டியல் காட்டிச் சம்மதம் கேட்கும். என்னைப்போல் இல்லாமல், படித்துப் பார்த்துவிட்டு 'ஒய்' தட்டுங்கள்.

4. அறைக்குள் நுழைய 'கோண்டா ஆக்டிவேட் இலை'. வரியின் தொடக்கத்தில் பேஸ் மறைந்து இலை என்று வரும். எப்போதும் இந்த இடத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

5. 'பைத்தான் --வெர்ஷன்' என்று கேளுங்கள். 3.7 என்று பதில் வரும். இனி 'பிப் இன்ஸ்டால்' என்று போட்டு எந்தத் தொகுப்பை இறக்கினாலும் அது இந்த அறைக்குள் மட்டுமே இருக்கும்.

6. ப்ரோகிராம் உள்ள ஃபோல்டருக்குப் போக 'சிடி' என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு அதை ஒட்டி டி எழுதி, மீண்டும் ஒரு இடைவெளி விடுங்கள். பிறகு அந்த ஃபோல்டரை மவுஸால் இழுத்து வந்து கறுப்புத் திரையில் போடுங்கள். முகவரி தானாக விழும். என்டர் தட்டுங்கள். பிறகு 'பைத்தான்' என்று எழுதி, ப்ரோகிராம் ஃபைலின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். ஃபைல் மீது டபுள் க்ளிக் செய்யக் கூடாது. செய்தால் அறைக்கு வெளியே உள்ள பைத்தான்தான் ஓடும்.

7. வெளியே வர 'கோண்டா டீஆக்டிவேட்'. என்னென்ன அறைகள் உள்ளன என்று பார்க்க 'கோண்டா என்வ் லிஸ்ட்'. என்வ் என்பது ஈ, என், வி என்ற மூன்று எழுத்துகள். வேண்டாத அறையை இடிக்க 'கோண்டா என்வ் ரிமூவ் --நேம்' என்று எழுதி அறையின் பெயரைக் கொடுங்கள். மற்ற அறைகளில் ஒரு கீறல்கூட விழாது.

அன்று இரவு என்ன ஆயிற்று?

இந்த வரிசையில்தான் தங்கைக்குச் சொன்னேன். பைத்தான் 3.7 வந்தது. டென்சார்ஃப்ளோ 1.15உம் இறங்கியது. ப்ரோகிராமை ஓட்டினாள். மீண்டும் சிவப்பு எழுத்து!

"அண்ணா, மறுபடியும் எரர். ப்ரோட்டோபஃப்னு என்னமோ வருது."

"கடைசி வரைக்கும் படிம்மா."

படித்தாள். ப்ரோட்டோபஃப் என்ற துணைத் தொகுப்பை 3.20க்கு அல்லது அதற்கும் கீழே இறக்கு என்று அந்தப் பிழைச் செய்தியே மருந்தையும் எழுதியிருந்தது. டென்சார்ஃப்ளோ 1.15 தனக்குக் குறைந்தபட்சம் எந்தப் ப்ரோட்டோபஃப் வேண்டும் என்றுதான் சொல்லி வைத்திருந்தது; அதிகபட்சம் எது என்று சொல்லவில்லை. எனவே பிப் கிடைத்ததில் புதியதை எடுத்து வந்து வைத்துவிட்டது. ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது எது கிளம்புமோ என்று யோசித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"பழைய கம்ப்யூட்டர் எங்கே?"

"ஹால்லதான் இருக்கு. எக்ஸ்சேஞ்சுக்கு நாளைக்குக் காலையில அப்பா கடைக்கு எடுத்துட்டுப் போறாங்க."

நல்லவேளை! அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பிப் ஃப்ரீஸ்' என்று போடச் சொன்னேன். அந்தப் பைத்தானில் உள்ள எல்லாத் தொகுப்புகளும் தத்தம் பதிப்பு எண்ணோடு வரிசையாக வந்தன. டென்சார்ஃப்ளோ 1.15, ப்ரோட்டோபஃப் 3.11, எச்5பை 2.10... ப்ரோகிராம் ஓடிய நாளின் முழுச் சமையல் குறிப்பு அது. அதே கட்டளைக்குப் பின்னால் பெரியது என்ற கணக்குக் குறியைப் போட்டு ஒரு ஃபைல் பெயரைக் கொடுத்தால், பட்டியல் அந்த ஃபைலில் சேமிக்கப்படும். பென் டிரைவில் எடுத்து வந்து, லேப்டாப்பில் இலை அறைக்குள் 'பிப் இன்ஸ்டால் --ரெக்வயர்மென்ட்' என்று எழுதி அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்தாள். மாறியிருந்த தொகுப்புகள் எல்லாம் பழைய பதிப்புக்குத் திரும்பின.

இரவு பன்னிரண்டரை மணிக்குப் புது லேப்டாப் ஒரு தக்காளி இலையைப் பார்த்து அதன் நோயின் பெயரைச் சொன்னது. சித்தப்பா தூங்கப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நினைவில் வையுங்கள்

பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன், ஃபார்மேட் செய்யும் முன், ஓடும் ப்ரோகிராம்களின் பதிப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோக்களையும் கடிதங்களையும் காப்பி செய்கிறோம்; இதை மறந்துவிடுகிறோம். கோண்டா அறையாக இருந்தால் உள்ளே நுழைந்து 'கோண்டா என்வ் எக்ஸ்போர்ட் --ஃபைல் என்விரான்மென்ட்.ஒய்எம்எல்' என்று போடுங்கள். பைத்தான் பதிப்பும் சேர்ந்து பதிவாகும். இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'கோண்டா என்வ் கிரியேட் --ஃபைல்' என்று எழுதி அதே ஃபைலைக் கொடுத்தால் அறை அப்படியே எழும்பி நிற்கும்.

பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. பைத்தான் 3.7க்கு 2023 ஜூனோடு நின்றுவிட்டது. எனவே பழைய அறையைப் பழைய ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்பதையும் எழுதுவதையும் புதிய பதிப்பில் செய்யுங்கள்.

அறைகள் இலவசம் என்று கட்டிக்கொண்டே போகாதீர்கள். வட்டில் இடம் நிறையும். வேலை முடிந்ததும் பட்டியலை எடுத்து வைத்துவிட்டு அறையை இடித்துவிடலாம். 'கோண்டா கிளீன் --ஆல்' என்று போட்டால், டவுன்லோடு செய்த மிச்சங்களும் நீங்கும்.

பைத்தானுக்கு மட்டும் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 2014இல் வந்த ஜாவா 8ஐ நம்பி இயங்கும் மென்பொருள்கள் இன்னும் உண்டு. நோட் ஜேஎஸ் கற்பவர்கள் இதே வேலைக்கு என்விஎம் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். கருவியின் பெயர் மாறும், தத்துவம் ஒன்றுதான். பழையதை அழிக்காதே, புதியதோடு கலக்காதே, தனி அறை கொடு.

திங்கட்கிழமை தங்கையின் ப்ரோகிராம் நன்றாகவே ஓடியது. அந்த ஃபைலையும் ப்ராஜெக்ட்டோடு சேர்த்துத் தன் ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டாளாம். 2019இல் சீனியர்கள் அதைச் செய்திருந்தால், அந்த இரவில் எங்கள் இரண்டரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். உங்கள் ப்ரோகிராமை நாளை யாரோ ஒருவர் வேறொரு கம்ப்யூட்டரில் திறப்பார். அது நீங்களாகவே இருக்கலாம். அவருக்காக இன்றே அந்தப் பட்டியலை எடுத்து வையுங்கள்.